மாரி நீரைச் சேமித்தல்: கல்முனைக் கரையோரக் கமக்காரருக்கு

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களில் மாரிக்காலத்தில் நீரை வெளியேற்றுவதே பெரும்பாடு. ஐப்பசி தொடக்கம் தை வரை பெய்யும் மழை வட்டைகளை மூடி, தோணாக்கள் வழியாகவும் முகத்துவாரங்கள் வழியாகவும் கடலைச் சேர்கின்றது. அதே ஊர்களில் ஆனி, ஆடி மாதங்களில் கத்தரிக்கு ஊற்ற நீர் போதாது. கிணற்று நீரும் உவர்க்கத் தொடங்குகின்றது. ஆண்டு மழையின் பெரும்பங்கு இந்த நான்கு மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுவதே காரணமாகும்.

1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் சிறுபோகத்துக்கு உதவுகின்றது. எனினும், வாய்க்காலின் கடைக்கோடி வயல்களுக்கு நீர் பிந்தியும் குறைந்தும் வருதல் உண்டு. கரையோர மணற்றரைத் தோட்டங்களோ பெரும்பாலும் கிணற்றையே நம்பியுள்ளன. ஆதலால், தத்தம் காணியில் விழும் மழையை மறித்து வைத்தல் இரு சாராருக்கும் அவசியம். ஆனால் முறை ஒன்றன்று.

மணற்றரை நீரை மேலே தேக்காது. அங்கே குட்டை வெட்டுதல் வீண் செலவாகும். மழைநீர் மணலினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்ததாகையால், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். நீர்மட்டம் நிலையாக அரை அடி தாழ்ந்தால் கீழே 20 அடி நன்னீர் குறைந்துபோகும். இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைப்போரின் கிணறு உவர்ப்பதன் காரணம் இதுவே. காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைத்தல் நன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையினால் கிழக்குக் கரைக் கிணறுகள் உப்பாகின. அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்ததனால் அதிகம் பயன் விளையவில்லை. பின்வந்த மாரி மழையே உப்பைப் படிப்படியாகக் கழுவிற்று.

எனவே கூரைநீரை மணலுக்கே கொடுத்தல் வேண்டும். 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால், சிந்துவது போக 900 லீற்றருக்கு மேல் கிடைக்கும். பீலி வழியே வரும் இந்நீரைக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, கல்லும் பருமணலும் இட்ட குழியில் விடுக. முதல் மழையின் அழுக்கு நீரைப் புறம்பாக விட்டுவிடல் வேண்டும். மலகூடக் குழிக்கு அண்மையில் இதனைச் செய்தலாகாது. பசளையும் பூச்சிநாசினியும் கலந்த தோட்டத்து நீரை ஒருபோதும் குழியில் விடற்க. குடிப்பதும் அந்தக் கிணற்று நீரே. தாங்கியில் சேமிப்போர் வலையிட்டு மூடாவிடின், அது டெங்கு நுளம்பின் இருப்பிடமாகும்.

மேற்கேயுள்ள களிப்பாங்கான வட்டை நிலம் நீரைத் தாங்கும். அங்கே மேலே 30 அடிச் சதுரமும், அடியில் 18 அடிச் சதுரமும், 6 அடி ஆழமும் உள்ள குட்டையில் ஏறத்தாழ 1,00,000 லீற்றர் நிற்கும். கால் ஏக்கர் நிலத்தில் 1,000 மில்லிமீற்றர் மழை பெய்து, அதிற் பத்திலொரு பங்கு வழிந்தோடி வந்தாலே அது நிரம்பும். ஆயினும் ஏமாறுதல் கூடாது: அந்நீர் ஓர் ஏக்கர் வேளாண்மைக்கு ஓர் அங்குல உயரமேயாகும். நெல்லை அது காக்காது. வெயிலில் ஆவியாவது போக எஞ்சுவதை நாளொன்றுக்கு 2,500 லீற்றராக இறைத்தால், 20 பேர்ச் மிளகாய் அல்லது கத்தரியை ஏறத்தாழ ஒரு மாதம் காக்கலாம். காய்க்கும் பருவத்தில் அம்மாதமே கமக்காரனின் வருமானம்.

நெல்லுக்குரிய தேக்கம் வரம்புக்குள்ளேயே உண்டு. ஆறு அங்குல நீரை மறிக்கும் வரம்பு, ஏக்கரொன்றில் மேற்சொன்ன குட்டைகள் ஆறு கொள்ளும் நீரை நிறுத்துகின்றது. நண்டு வளைகளை அடைக்காது விட்டுக் குட்டைக்குச் செலவிடுதல் அறிவுடைமையன்று. பெருவெள்ளத்தை வடித்துவிட வக்கடை மட்டும் சீராக இருத்தல் வேண்டும்.

குட்டையைக் களப்போரத்தில் வெட்டலாகாது. ஆழத்தில் உவர்நீர் ஊறும். நீர் புகும் வாயிலில் வண்டல் தங்க ஒரு சிறு பள்ளமும், மிகுநீர் செல்லப் புல் பதித்த வானும், சிறுவர் விழாதபடி வேலியும் அமைத்தல் வேண்டும். வயற்காணியில் வெட்ட எண்ணுவோர் முதலில் கமநல சேவை நிலையத்தில் கேட்டறிந்து, புரட்டாதி முடியுமுன் வேலையை நிறைவேற்றுக.