மூன்று மாதக் கெடு: மிரர்லெஸ் கமரா வாங்குவோர் கவனத்துக்கு

வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், சித்தாண்டி என்று மட்டக்களப்பின் இந்தப் பக்கம் எங்கு போனாலும் கமராவை நம்பிப் பிழைக்கத் தொடங்கிய இளைஞர்களைக் காணலாம். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு, எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகிறது, கட்டாரில் இருக்கும் அண்ணன் கொஞ்சம் அனுப்புகிறார், ஒரு மிரர்லெஸ் கமரா வீட்டுக்கு வருகிறது. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது புதிய கமரா பலருக்குக் கைக்கெட்டாமல் போனது. பாவித்த கமராவின் மேல் கண் விழுந்தது. அதற்குப் பற்றுச்சீட்டைப் பலர் கேட்பதில்லை, கேளாதவருக்கு யாரும் கொடுப்பதுமில்லை. இந்தக் கமராவின் பலவீனங்கள் வாவிக்கரை மழையில் வெளியே தெரியவரும்போது, முறைப்பாடு செய்யச் சட்டம் தரும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

முதலில் கமராவைப் பார்ப்போம். டிஎஸ்எல்ஆர் கமராவில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும் கணத்தில் அந்தக் கண்ணாடி தூக்கிக்கொள்ளும். மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடியே கிடையாது. ஒளி நேரே உணரியில் விழுகிறது. நாம் பார்ப்பது உணரி அனுப்பும் மின்திரைக் காட்சி. பனசோனிக் நிறுவனத்தின் லூமிக்ஸ் ஜி1 இந்த வகையில் 2008இல் வந்தது. 2013இல் சோனி முழுச்சட்ட உணரியோடு ஏ7 வரிசையைத் தொடங்கியது. கனனும் நிக்கொனும் முழுச்சட்ட மிரர்லெஸ்ஸுக்கு 2018இல்தான் வந்தன. 2020இல் ஜப்பானிய நிறுவனங்கள் அனுப்பிய கமராக்களில் மிரர்லெஸ்ஸின் எண்ணிக்கை டிஎஸ்எல்ஆரைத் தாண்டிவிட்டது. ஆனாலும் நன்றாக வேலை செய்யும் டிஎஸ்எல்ஆர் ஒன்று கையில் இருந்து, அதில் பகல் கலியாணங்கள் எடுத்துச் சம்பாதிப்பவர், கடன் பட்டு மாறவேண்டிய அவசரம் எதுவும் இல்லை என்பதே என் கருத்து.

மிரர்லெஸ்ஸின் பலம் எங்கே தெரியும் என்றால், கூத்துக் களரியில். விடிய விடிய நடக்கும் வடமோடிக் கூத்தில் அண்ணாவியாரின் மத்தளத்துக்கும் சல்லரிக்கும் நடுவே ஒருவர் ஒலிப்பதிவும் செய்துகொண்டிருப்பார். டிஎஸ்எல்ஆரின் சடக் சடக் ஓசை அதில் ஏறும். மிரர்லெஸ்ஸின் மின்னணு ஷட்டரில் ஓசையே இல்லை. அம்மன் சடங்கில் தெய்வமாடுபவர் முன்னால் நிற்கும்போதும் இந்த அமைதி ஒரு மரியாதை. இருட்டில் எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பதை எடுக்குமுன்பே திரை காட்டிவிடுகிறது. கூத்தர் சுழன்றாடும்போது புதிய கமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே தேடிப் பிடிக்கின்றன. உள்ளே உணரியை அசைத்துக் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி சிலவற்றில் உண்டு. அது எடுப்பவரின் நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், ஆடுபவரின் வேகத்தை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் கூடத்தான் வேண்டும்; விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை.

அதே களரியில் அதன் பலவீனமும் தெரியும். இப்போது கூத்துக்கும் கலியாண மண்டபத்துக்கும் எல்ஈடி விளக்குகள்தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே தரம் குறைந்த விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். மின்னணு ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் மணமகளின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். ஓசை கேட்டாலும் பரவாயில்லை என்று பொறிமுறை ஷட்டருக்கு மாறி, வேகத்தை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். இன்னொரு ஆபத்துக்கு மருந்தே இல்லை. இசை நிகழ்ச்சி மேடைகளில் சுழலும் லேசர் கதிர் லென்ஸுக்குள் நேரே பட்டால் உணரியில் நிரந்தரக் கோடு விழலாம். மிரர்லெஸ்ஸில் உணரி எந்நேரமும் திறந்தபடி வேலை செய்வதால் அபாயம் கூடுதல். லேசர் இருக்கும் மேடையை நோக்கிக் கமராவை வைத்துவிட்டு நகராதீர்கள்.

பற்றரி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கனன் 80டி என்ற டிஎஸ்எல்ஆர் ஒரு தடவை ஏற்றிய பற்றரியில் 960 படம் எடுக்கும் என்பது பொதுத் தர அளவுகோலின் கணக்கு. இளைஞர் பலர் தேடிய கனன் எம்50 மிரர்லெஸ்ஸுக்கு அதே அளவுகோல் கொடுத்தது 235. பெரிய பற்றரி கொண்ட சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு 710 வரை போகும். மின்திரையும் உணரியும் எப்போதும் ஓடுவதால் வரும் செலவு இது. ஆகவே கமராவின் விலையோடு குறைந்தது இரண்டு மேலதிகப் பற்றரியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். மலிவான போலிப் பற்றரி வீங்கி உள்ளேயே இறுகிக்கொண்டால் எடுப்பதற்கு வழியிராது. வீங்கியதைக் குத்தினால் தீப்பிடிக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருவதானால் மேலதிகப் பற்றரிகள் கைப்பையில் மட்டுமே வரலாம், சரக்கில் போடக்கூடாது.

இந்தப் பிரதேசத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி உப்பும் ஈரமும். கலியாணச் சோடிகளைப் பாசிக்குடாவுக்கும் கல்லடிக் கடற்கரைக்கும் கூட்டிப்போய்ப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் உணரிக்கு முன்னால் கண்ணாடியும் மூடிய ஷட்டரும் நிற்கும். பெரும்பாலான மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றிய உடனே உணரி வெறுமையாகத் தெரியும். லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து உணரிக்கு உள்ள தூரமும் குறைவு: கனனின் பழைய முறையில் 44 மில்லிமீற்றர், புதியதில் 20. உப்புக் காற்றோடு வரும் மணல் நேரே உள்ளே இறங்கும். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டி, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். உணரியில் தூசி தெரிந்தால் வாயால் ஊதவோ சேலைத் துணியால் துடைக்கவோ வேண்டாம். றப்பர் ஊதியால் போகாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுங்கள். அசையும் உணரியில் அழுத்தினால் அதன் தாங்கி கெடும், பழுதுபார்ப்புச் செலவு கமராவின் விலையை நெருங்கும். தண்ணீராலும் மணலாலும் வந்த பழுது பொதுவாக உத்தரவாதத்தில் அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐப்பசி பிறந்தால் ஈரம் வீட்டுக்குள் வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் பெட்டிக்குள் பூட்டிய துணியே பூஞ்சணம் பிடிக்கும்போது லென்ஸ் எப்படித் தப்பும்? காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 60ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் கண்ணாடியின் மேற்பூச்சில் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படரும். அது விடும் அமிலம் பூச்சை அரித்தபின் துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறையிலும் அலுமாரியிலும் வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள், ஒரு சிறிய ஈரமானி, இவ்வளவும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். மணிகள் ஈரமானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அரிசித்தூசி உள்ளே போகும்.

பாவித்த கமரா வாங்கும்போது தனியாகச் சில பொறிகள் உண்டு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த சோனி கமராக்களில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும், ஆங்கிலத்துக்கு மாற்ற வழியில்லை. விலை குறைவு என்று சொல்லும் ஒன்றை வாங்குமுன் மெனுவைத் திறந்து பாருங்கள். எம்50 வரிசையின் லென்ஸ்கள் கனனின் புதிய ஆர் வரிசைக் கமராக்களில் பூட்டா. எம்50 வரிசையையே நிறுவனம் நிறுத்திவிட்டது. இன்று மலிவாக வாங்கலாம், நாளை கமராவை மாற்றும்போது லென்ஸ் எல்லாவற்றையும் விற்கவேண்டும். ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், மின்னணு ஷட்டரில் எடுத்தவை சில கமராக்களில் அந்தக் கணக்கில் வருவதில்லை. லென்ஸின் பின்னாலிருந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பூஞ்சணம் பாருங்கள். துளையைச் சிறிதாக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் உணரியின் அழுக்கு புள்ளிகளாகத் தெரியும். நினைவட்டையை முழுதாக நிரப்பித் திரும்ப வாசித்துப் பாருங்கள்: போலி அட்டை பெரிய கொள்ளளவைக் காட்டி, பாதிக்குப் பிறகு எழுதியதை விழுங்கிவிடும். டுபாயிலிருந்து வந்த கமராவின் உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்பதையும் வாங்குமுன்பே எழுத்தில் கேளுங்கள். பல கமராக்களுக்கு அது வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும்.

இனிச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நீங்கள் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். அதில் கமராவின் பெயர், தொடர் இலக்கம், திகதி, விலை, புதியதா பாவித்ததா என்பது, எத்தனை மாத உத்தரவாதம் என்பது எல்லாம் எழுதப்பட்டிருக்கட்டும். தொடர் இலக்கம் இருந்தால் களவுபோன கமராவைப் பொலிஸில் அடையாளம் காட்டவும் உதவும். பாவித்ததைப் புதியது என்று சொல்லி விற்பதும் இல்லாத தரத்தை உண்டென்று சொல்வதும் இதே சட்டத்தில் குற்றம். வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். அந்த முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேரவேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல. வைகாசிச் சடங்குக்கு முன் வாங்கிய கமராவில் முன்பே இருந்த பூஞ்சணம் கார்த்திகை மழையில் படர்ந்து தெரியும்போது அந்தக் கெடு கடந்திருக்கும். ஆகவே முதல் மூன்று மாதத்துக்குள் கமராவை ஈரமான காலையிலும் நீண்ட காணொளியிலும் எல்லாப் பொத்தான்களிலும் சோதித்துவிடுங்கள்.

பொருள் விற்பனை பற்றிய 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் பலருக்குத் தெரியாத இரண்டு விடயங்களைச் சொல்கிறது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. முகநூலில் பார்த்து ஒரு தனிநபரிடம் வாங்கினால் அந்தக் காப்பு இல்லை. மற்றது, நீங்கள் கையில் எடுத்துச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையிலேயே தெரிந்திருக்கவேண்டிய குறையைப் பிறகு முறையிட முடியாது. தனிநபர் கேட்பது கடை விலைக்கு நெருங்கியதாக இருந்தால், கடையில் வாங்குவதே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

படம் எடுப்பவரை அமர்த்தும் குடும்பங்களுக்கும் உரிமை உண்டு. சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்பதை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்குள் தானாகவே சேர்த்துவிடுகிறது. மலிவான மிரர்லெஸ்களில் ஒரே நினைவட்டைக்குத்தான் இடம். அட்டை கெட்டால் தாலி கட்டிய கணம் திரும்பி வராது. முற்பணம் கொடுக்குமுன் இரட்டை அட்டை உள்ள கமராவா, படங்கள் அன்றிரவே வேறொரு இடத்தில் பிரதி செய்யப்படுமா, எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். நேர்மையாகத் தொழில் செய்யும் தம்பிமாருக்கும் அந்தத் தாள் பாதுகாப்புத்தான்.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். பற்றுச்சீட்டின் பிரதியையும், கடைக்காரருடன் நடந்த கைப்பேசிச் செய்திகளின் படத்தையும் இணைத்து, மட்டக்களப்பில் உள்ள அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். ஆலோசனைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. தனிநபரிடம் வாங்கி ஏமாந்தவர்களும், மூன்று மாதம் கடந்தவர்களும் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, இரு தரப்பையும் அழைத்து இருத்திப் பேசுவார்கள். இணக்கம் வராவிட்டால் அதைக் குறிப்பிட்டு ஒரு சான்றிதழ் தருவார்கள். பிறகு நீதிமன்றம் போவதானால் அது தேவைப்படும்.