பிஜியில் பேரக் குழந்தைகளுடன் ஒன்பது நாட்கள்

பிஜித் தீவு என்றதும் நம் தலைமுறைக்கு நினைவுக்கு வருவது பாரதியாரின் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடல்தான். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் மகளும் மாப்பிள்ளையும் குழந்தைகளுடன் அங்கே போவதாக முடிவு செய்து, "நீங்களும் அம்மாவும் கூட வாங்கப்பா" என்று அழைத்தார்கள். தில்லி வெயிலிலிருந்து பத்து நாள் தப்பித்தால் போதும் என்று கிளம்பிவிட்டோம். பேத்திக்கு வயது பதினொன்று, பேரனுக்கு ஏழு.

தில்லியிலிருந்து நேர் விமானம் கிடையாது. சிங்கப்பூரில் மாறி, அங்கிருந்து சுமார் பத்து மணி நேரம் பறக்க வேண்டும். நம்மைவிட ஆறரை மணி நேரம் முந்திய நாடு அது. 180 டிகிரி தீர்க்கரேகை அந்நாட்டின் தவெயூனி தீவின் மேலேயே செல்கிறது. தேதிக் கோடு மட்டும் நாட்டைக் கூறு போடாமல் ஒதுங்கி வளைந்து போகிறது. இதைப் பேரனுக்கு விளக்குவதற்குள் விமானத்தில் கொடுத்த ஆரஞ்சுப் பழம் முழுதும் கோடுகளாகிவிட்டது.

இறங்கும் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் 'நாடி' என்று எழுதி 'நாந்தி' என்று சொல்கிறார்கள். 'புலா' என்று எழுதும் வணக்கச் சொல் வாயில் 'ம்புலா' என்று வருகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பிஜி மொழிக்கு எழுத்து வகுத்த பாதிரிமார்கள், ஒலிக்கு ஒரே எழுத்து போதும் என்று வைத்த ஏற்பாடு இது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியிடம் தமிழ் எழுத்துப் படிக்கும் பேத்தி, "நம்ம பம்பரம் மாதிரி! ரெண்டு 'ப'வும் வேற வேற சத்தம்" என்றாள். பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

முந்நூறுக்கும் மேற்பட்ட தீவுகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் மனிதர்கள் வசிக்கிறார்கள். நாங்கள் இருந்தது எல்லாவற்றிலும் பெரிதான விட்டி லெவு தீவில். கடல், பவளப்பாறை, கண்ணாடி அடித்தளப் படகு என்று குழந்தைகள் மூன்று நாள் குதித்ததை விவரிக்கப் போவதில்லை. அதற்கெல்லாம் வண்ணப் பிரசுரங்கள் இருக்கின்றன. ஏழு டாலர் நோட்டு ஒன்றைக் கண்டு பேரன் அடைந்த வியப்பை மட்டும் சொல்ல வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் தங்கம் வென்றது பிஜி. அது அந்நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம். அதைக் கொண்டாட ஏழு டாலருக்கே ஒரு நோட்டு அடித்துவிட்டார்கள்!

எனக்குப் பிடித்துப் போனது அவர்களுடைய 'சுலு'. நம் வேட்டியின் சகோதரன் என்று சொல்லலாம். அலுவலகம் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், பள்ளிப் பையன் எல்லாரும் அதை உடுத்துகிறார்கள். போலீஸ்காரரின் சுலுவுக்கு மட்டும் ஓரம் ரம்பப்பல் போல் வெட்டியிருக்கும். நான் வேட்டியோடு காலை நடை போனேன், ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது ஆண்டுகளில் தில்லியில் எனக்குக் கிட்டாத சௌகரியம் இது.

நாலாம் நாள் லௌடோகாவுக்குப் புறப்பட்டோம். சாலையை ஒட்டி ஒரு குட்டி ரயில் பாதை ஓடுவதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? இரண்டடி கேஜ். டார்ஜிலிங், மாத்தேரான் ரயில்களின் அகலம்தான். நம் கால்கா–சிம்லா பாதை கூட இதைவிட அரை அடி கூடுதல். இது பயணிகளுக்கான பாதை அல்ல, கரும்புக்கானது. டீசல் எஞ்சின் ஒன்று, கம்பிக் கூண்டு போன்ற வண்டிகளில் கரும்பை அடுக்கி, வளைந்து நெளிந்து ஆலைக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 600 கிலோமீட்டர் பாதை போட்டிருந்தார்கள். வெட்டு நடக்கும் வயலுக்குள்ளேயே ஸ்லீப்பரோடு தூக்கி மாற்றி வைக்கும் தற்காலிகத் தண்டவாளமும் உண்டு. 'பெர்மனெண்ட் வே' என்றே பெயர் வைத்துப் பழகிய எங்களுக்கு இது வேடிக்கையான வித்தை.

சிட்னியிலிருந்த சி.எஸ்.ஆர். என்ற சர்க்கரைக் கம்பெனி போட்ட பாதை இது. 1882 முதல் 1973 வரை அந்தக் கம்பெனிதான் பிஜியின் கரும்புக்கு எஜமான். அந்நாளில் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இதே பாதையில் டிக்கெட்டே இல்லாத பயணி ரயில் ஒன்றும் ஓடியது. "அப்ப டி.டி.இ.க்கு என்ன வேலை?" என்று கேட்டான் பேரன். நியாயமான கேள்வி.

லௌடோகா ஆலை அரைக்கத் தொடங்கியது 1903-ல். சென்னைத் துறைமுகத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு 'எல்பே' என்ற முதல் கப்பல் பிஜிக்கு வந்ததும் அதே 1903-ல்தான். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1879 மே 14-ல், கல்கத்தாவிலிருந்து 'லியோனிடாஸ்' வந்துவிட்டது. 1916 வரை வந்தவர்கள் மொத்தம் அறுபதாயிரத்துக்கும் சற்று மேல். அவர்களில் சுமார் பதினையாயிரம் பேர் சென்னை வழியாக வந்தவர்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர், மலபார், கிருஷ்ணா, விசாகப்பட்டினம் எனப் பல ஜில்லாக்காரர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் அவர்கள் நாவில் 'கிர்மிட்' ஆயிற்று. பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். நம் தில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக இருந்த சி.எஃப். ஆண்ட்ரூஸ் 1915-லும் 1917-லும் அங்கே போய்ப் பார்த்து எழுதிய அறிக்கைகள் இந்தக் கொடுமையை நிறுத்துவதற்குப் பெரிதும் உதவின. மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி 1-ஆம் தேதி ரத்தாயின.

மனிதர்கள் மட்டுமா வந்தார்கள்? ஆலை வாசலில் ஒரு கீரிப்பிள்ளை குறுக்கே ஓடியது. கரும்பைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க 1883-ல் கொண்டுவரப்பட்ட கீரிகளின் சந்ததி. கம்பத்தின் மேல் நம் ஊர் மைனா. அதுவும் இந்தியாவிலிருந்து பூச்சி பிடிக்க வந்ததுதான். "இதுங்களுக்கும் அக்ரிமெண்டா தாத்தா?" என்றாள் பேத்தி.

நாந்தி கடைத்தெருவின் தெற்கு முனையில் ஸ்ரீ சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. பழைய கோயிலுக்குப் பதிலாக எழுப்பி 1994-ல் கும்பாபிஷேகம் செய்தது. தூரத்திலேயே கோபுரத்தின் வண்ணங்கள் பளிச்சென்று தெரிகின்றன. நம் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரின் கருங்கல் அமைதியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் கொஞ்சம் கூசத்தான் செய்தது. உள்ளே போனால் விபூதி வாசனை, கற்பூரம், மணி எல்லாம் நம்முடையவை. அர்ச்சனை செய்தவர் தமிழில் விசாரித்தார். தரிசனம் செய்ய வந்தவர்களைப் பார்த்து நான் தமிழில் பேசத் தொடங்கியபோதுதான் விஷயம் புரிந்தது. கவுண்டர், முதலியார், பிள்ளை, நாயக்கர் என்று பெயர்கள் இருக்கின்றன, பதில் மட்டும் ஹிந்தியில் வருகிறது.

அதுவும் நம் தில்லி ஹிந்தி அல்ல. போஜ்புரியும் அவதியும் கலந்து அங்கேயே விளைந்த ஹிந்தி. 'நான்' என்பதற்கு 'மைங்' கிடையாது, 'ஹம்'தான். எங்கள் காரோட்டி பிஜியின் பூர்வகுடியினர், இதௌகே இனத்தவர். அவரே இந்த ஹிந்தியை வெளுத்து வாங்கினார். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கோயில் வாசலில் ரொட்டிப் பொட்டலம் விற்ற அம்மாளிடம் என் பேத்தி பேரம் பேசியதைப் பார்த்தால் கரோல்பாக் என்றே நினைத்திருப்பீர்கள்.

தமிழ் ஏன் போயிற்று? அங்கே படித்த பெரியவர்களிடம் கேட்டதையும் நான் பின்னர் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்மவர்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் ஹிந்துஸ்தானி ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. மேஸ்திரியும் வெள்ளைக்காரக் கண்காணிப்பாளரும் அதில்தான் அதட்டினார்கள். நம்மவரிலும் தமிழர், தெலுங்கர், மலையாளி என்று மூன்று மொழி. பதின்மூன்றே ஆண்டுகள் கப்பல் வந்து நின்றுவிட்டது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணிகள் ஊரோடு உறவோடு கூட்டம் கூட்டமாக அழைத்துப் போனார்கள், அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்தும் இருந்தது, தமிழும் இருந்தது. பிஜிக்குப் போனவன் தனியாள். அவனுடைய அறையில் இருந்த மற்ற இருவரோடும் ஹிந்தியில்தான் பேச முடிந்தது.

அதற்காகக் கைகட்டி உட்காரவில்லை. 1926-ல் சாது குப்புசாமி என்பவர் நாந்தியில் 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தொடங்கினார். நம் தில்லித் தமிழ்ச் சங்கத்துக்கு இருபது ஆண்டுகள் மூத்தது! நாடெங்கும் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், லம்பாசாவில் ஒரு நர்ஸிங் கல்லூரி என்று அது வளர்ந்தது. ஈஸ்டர் விடுமுறையில் மாநாடும் கால்பந்துப் போட்டியும் நடத்துகிறார்கள். தெலுங்கர்கள் 1941-ல் பிரிந்து தனிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். (சங்கம் என்றால் பிரிவதும் உண்டு, நமக்குத் தெரியாததா!) மாரியம்மனுக்குத் தீமிதி, தெருக்கூத்து எல்லாம் பிழைத்திருக்கின்றன. இதௌகே மக்களிலும் ம்பெங்கா என்ற தீவினர் பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் நடப்பவர்கள். ஆகவே நம் தீமிதியைக் கண்டு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. பிஜியின் 2013 அரசியல் சட்டம் எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் இதௌகே மொழியையும் பிஜி ஹிந்தியையும் கட்டாயப் பாடமாக்கியது. தமிழுக்கு அந்த இடம் இல்லை.

கோயிலில் பழக்கமான ஒரு குடும்பத்தார் எங்களை வீட்டுக்கு அழைத்தார்கள். கரும்பு விவசாயிகள். நிலத்தில் பெரும்பங்கு இதௌகே குலங்களுக்குச் சொந்தம், நம்மவர் குத்தகைக்காரர்கள். இவர்களுடைய முப்பதாண்டுக் குத்தகை முடிந்து புதுப்பிக்கப்படாததால் இப்போது மிஞ்சியது காய்கறித் தோட்டம்தான். வாசலில் முருங்கை, கறிவேப்பிலை, துளசி. பிள்ளைகளில் இருவர் சிட்னியில், ஒருவர் ஆக்லாந்தில். 1987-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இப்படிப் போனவர்கள் ஏராளம். ஒருகாலத்தில் ஜனத்தொகையில் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் 2007 கணக்கெடுப்பில் 37 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். அந்தப் புரட்சி நடந்த தேதியும் மே 14, லியோனிடாஸ் வந்த அதே தேதி. அதை நடத்திய ரபுகா பின்னாளில் பிரதமராகி, 2023 மே மாதம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆண்டிலிருந்து கிர்மிட் தினம் அரசு விடுமுறை.

அந்த வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். தாத்தா, ஆயா, மாமா, அக்கா என்று உறவுச் சொற்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. ஒன்று முதல் பத்து வரை எண்ணினார், ஏழையும் எட்டையும் இடம் மாற்றி. பிறகு என் பேரனை அருகில் அழைத்து, "நீ தமிழில் ஏதாவது பேசு, நான் கேட்கிறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். பையன் நெளிந்தான். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவன் பாதிக்கு மேல் ஹிந்தியில்தான் பதில் சொல்வான். அம்மாவைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். கடைசியில், "எனக்கு ஏழு வயசு. நான் மூணாம் கிளாஸ் போறேன். எனக்கு தோசை பிடிக்கும்" என்று மூன்று வாக்கியம் சொன்னான். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தரம்" என்றார். அவன் மறுபடி சொன்னான்.

திரும்பி வரும்போது காரில் பேத்தி கேட்டாள்: "இவங்களும் நம்மள மாதிரி டெல்லித் தமிழா தாத்தா?" மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "அவங்க போய் நூத்திப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சும்மா" என்றேன். "நாம வந்து?" என்றாள். நாற்பது என்றேன். அவள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.

கிளம்புகிற அன்று அந்த வீட்டுப் பையன் ஹோட்டலுக்கே தேடி வந்து ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தான். சூவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிர்மிட்காரர்களின் குடிபெயர்வுச் சீட்டுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் எழுதியிருக்கும். அவனுடைய கொள்ளுத் தாத்தாவின் சீட்டு அது. ஆண்டு 1911, வயது 22, வலது முழங்காலில் தழும்பு. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ஆரணி. ஊர்ப் பெயரின் முன்பாதி தண்ணீர் பட்டு அழிந்திருக்கிறது. பின்பாதி 'பாக்கம்' என்று தெரிகிறது. அதற்கு முன்னால் இருப்பது 'ல'வா 'ள'வா என்று அந்த ஆங்கில எழுத்திலிருந்து சொல்ல முடியவில்லை. அந்தப் பக்கம் பாக்கம் என்று முடிகிற ஊர் எத்தனை இருக்கிறது! காட்பாடி–விழுப்புரம் பாதையின் பழைய வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு இதுவரை ஆறு பெயர்கள் குறித்திருக்கிறேன். ஆரணிப் பக்கத்துக்காரர்கள் நம் சங்கத்தில் சிலராவது இருப்பார்கள். அவர்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது என்னைப் பார்த்தால், தாளைக் காட்டுகிறேன்.