தொழிலும் கல்வியும் – 9: ஆடிட்டரின் வகுப்பறை

பட்டம் பெற்ற பின்னும் படித்துக்கொண்டே இருக்க வேண்டிய தொழில்களில் வைத்தியத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த அவசியம் தணிக்கைத் தொழிலுக்குச் சற்றும் குறைந்ததன்று. மனித உடலின் அமைப்பு வைத்தியர் படித்த காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. ஆடிட்டர் படித்துத் தேறிய சட்டமோ அவர் கண்ணெதிரிலேயே மறைந்து, வேறொன்று அந்த ஸ்தானத்தில் வந்து அமர்கிறது. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் போய் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. பிறந்தது, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கும் 2025-இல் புதியதொரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது.

இதனையெல்லாம் உத்தேசித்தே, 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், தொழில் நடத்தும் சான்றிதழ் பெற்ற, அறுபது வயதுக்குட்பட்ட உறுப்பினர் ஒவ்வொருவரும் 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுத் தொகுதியில் 120 மணி நேரமேனும் தொடர்கல்வி பெற வேண்டுமென்றும், அதில் 60 மணியேனும் அங்கீகாரம் பெற்ற வகுப்புகளிலும் கருத்தரங்குகளிலும் கழிய வேண்டுமென்றும் விதித்தது. விதி நல்லதே, ஆயினும் மணிக்கணக்கு, வந்து அமர்ந்ததற்குத்தான் அத்தாட்சியாகும்.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவை எடுத்துக்கொள்வோம். கொள்முதலில் செலுத்திய வரியை, அதாவது ஆடிட்டர் ஆபீஸ்களில் ‘இன்புட்’ என்று வழங்குவதை, எந்தத் தேதிக்குள் கோரலாம் என்பதை நிர்ணயிப்பது அதுவே. நிதியாண்டு முடிந்தபின் வரும் செப்டம்பர் மாத ரிட்டர்னுக்குரிய கடைசி நாளே முதலில் எல்லையாக இருந்தது. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை நவம்பர் 30 வரை நீட்டித்தது. மார்ச் மாதத்து பில் ஒன்று பீரோவில் தங்கிவிட, ஆண்டு ரிட்டர்னை இன்னும் தாக்கல் செய்திராத சிறு ஜவுளி வியாபாரி நவம்பர் முதல் வாரத்தில் அதைக் கண்டெடுத்து, ‘இதுக்கு இன்புட் எடுக்கலாமா சார்?’ என்று ஓடிவந்து கேட்கையில், பழைய தேதியையே மனத்தில் வைத்திருக்கும் ஆடிட்டர் ‘தேதி தாண்டிவிட்டதே’ என்று சொல்லிவிடுவாராயின், நியாயமாகக் கிடைக்க வேண்டிய தொகை போய்விடுகிறது. போனது தெரியாமலே அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்குகிறார்.

2024-இல் சேர்க்கப்பட்ட ஐந்தாம் உட்பிரிவு, 2017-18 முதல் 2020-21 வரையிலான ஆண்டுகளுக்கு, 2021 நவம்பர் 30 வரை தாக்கலான ரிட்டர்ன்களில் கோரிய வரவு செல்லும் என்றது. பாதகமான உத்தரவைப் பெற்று, மேல்முறையீடு செய்யாதிருந்தவர்கள் திருத்தம் கோர, அக்டோபர் 8-ஆம் தேதி அறிவிக்கை தந்த அவகாசமோ ஆறே மாதம். அதற்குள் பழைய ஃபைல்களைத் தூசி தட்டிப் புரட்டிய ஆடிட்டர், நொடித்துக்கொண்டிருந்த ஒரு கடையைக் காப்பாற்றியிருக்கக்கூடும்.

ஆகவே, திரையில் தோன்றும் வாசகங்களைப் பேச்சாளர் படிக்க, ஏனையோர் கையெழுத்திட்டுவிட்டு அமர்ந்திருக்கும் பெருங்கூட்டங்களைவிட, பதினைந்து இருபது பேர் கூடும் ஸ்டடி சர்க்கிளையே நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கே ஓர் இளம் ஆடிட்டர், கிளையண்டின் பெயரை மறைத்து, நோட்டீஸின் நகலை மேஜைமேல் வைக்கிறார்; மூத்தவர் ஒருவர் பிரிவை வாய்விட்டுப் படிக்கிறார்; இன்னொருவர் ஆட்சேபிக்கிறார்; தர்க்கம் வளர்ந்து, பதிலின் முதல் வாக்கியம் அங்கேயே உருவாகிறது. தொடர்கல்வி மணிகளில் ஒரு பங்கை இத்தகைய விவாதத்துக்கென்றே நிறுவனம் ஒதுக்க வேண்டும். மாலை வகுப்புக்காக நகரத்துக்குப் பஸ் ஏறி வர இயலாத தாலுகா ஊர் ஆடிட்டருக்கும் அது எட்டும்படி செய்ய வேண்டும்.