நறநறவெனக் கடிக்கும் பற்களுக்கு ஒரு கவசம்

மாணவர்களே, கண்ணாடி முன் நின்று உங்கள் கோரைப்பற்களைப் பாருங்கள். நுனி கூராக இருக்கிறதா, அல்லது அரம் கொண்டு தேய்த்ததுபோல் தட்டையாகிவிட்டதா? தட்டையாக இருந்து, காலையில் எழும்போது தாடை வலியும் நெற்றிப்பொட்டில் பாரமும் இருந்தால், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். கடிப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிக்கோ தங்கைக்கோதான் அந்த நறநற சத்தம் கேட்கும்.

இதை மருத்துவர்கள் புருக்சிசம் என்பார்கள். "வயிற்றில் பூச்சி இருக்கிறது, மருந்து கொடு" என்று பாட்டி சொல்வார். பூச்சிதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இது மூளையில் தொடங்கும் விஷயம். தூக்கத்தின் நடுவே மூளை சில விநாடிகள் விழிப்பு நிலையை நெருங்குகிறது. இதயத் துடிப்பு கூடுகிறது. அதைத் தொடர்ந்து தாடைத் தசைகள் தாளம் போடுவதுபோல் சுருங்கிச் சுருங்கி விரிகின்றன. மன அழுத்தம், காப்பி, சக்தி பானம், புகைபிடித்தல், சில வகை மாத்திரைகள் ஆகியவை இதை அதிகமாக்கலாம். எஸ்.பி.எம். தேர்வுக்காக நள்ளிரவு வரை சக்தி பானத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது என்று படித்திருக்கிறீர்கள். இரண்டு பற்களின் முனைகள் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே தாடைத் தசையின் முழு விசையும் இறங்கினால் அழுத்தம் எவ்வளவு ஏறும்! அதுவும் தூக்கத்தில் சிலர், விழித்திருக்கும்போது வேண்டுமென்றே கடிக்கக்கூடியதைவிடப் பலமாகக் கடித்துவிடுகிறார்கள். பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். மோஸ் அளவுகோலில் ஏறக்குறைய 5. ஆனால் அதே கடினமுள்ள இன்னொரு எனாமலோடு அது இரவெல்லாம் உரசுகிறது. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும்; தேய்ந்த எனாமல் திரும்ப வளராது.

இங்கேதான் பல் மருத்துவர் தரும் கடித்தகடு உதவுகிறது. 'நைட் கார்ட்' என்றும் இதைச் சொல்வார்கள். பலரும் நினைப்பதுபோல் இது பல் கடிப்பதை நிறுத்தும் கருவி அன்று. தகட்டைப் போட்ட பிறகும் நீங்கள் கடிக்கலாம். ஆனால் பல்லோடு பல் உரசுவதற்குப் பதில், பல்லோடு அக்ரிலிக் உரசும். அக்ரிலிக் எனாமலைவிட மென்மையானது, ஆகவே தேய்வது தகடுதான். என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதன் வலப்பக்கத்தில் இப்போது தெளிவான பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளம் என் பல்லில் விழுந்திருக்க வேண்டியது!

தகட்டை ஏன் அளவெடுத்துச் செய்ய வேண்டும்? முதலில் அச்சு எடுக்கிறார்கள். அதற்கான ஆல்ஜினேட் பொடி பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. அகார் அகாருக்கு இது சொந்தக்காரன்தான், ஆனால் அகார் குளிர்ந்தால் உறையும். ஆல்ஜினேட்டோ வேதிவினையால் உறைகிறது. தண்ணீர் சேர்த்ததும் பொடியிலுள்ள கால்சியம் அயனிகள் நீண்ட ஆல்ஜினேட் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோக்க, சில நிமிடங்களில் கூழ் ரப்பர்போல் ஆகிவிடுகிறது. அதில் மாவுக்கல்லை ஊற்றி உங்கள் பல்வரிசையின் நகலை எடுத்து, அதன்மேல் தகட்டைச் செய்கிறார்கள். இப்போது சில கிளினிக்குகளில் வாய்க்குள் ஸ்கேன் செய்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிடுவதும் உண்டு. கடைசியில் தகட்டைப் போட்டு, வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். நிறம் அழுத்தமாகப் படிந்த இடத்தைச் சற்றே ராவி, மறுபடி கடிக்கச் சொல்வார்கள். எல்லாப் பற்களும் தகட்டைச் சமமாகத் தொடும்வரை இது நடக்கும். விசை எல்லாப் பற்களுக்கும் பரவ வேண்டுமே!

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்சாக்கும் மலிவான தகடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. வாங்க அவசரப்படாதீர்கள். அவற்றில் இந்தச் சமன்படுத்தல் இல்லை. மென்மையான தகட்டைச் சிலர் சூயிங்கம் போல் மென்று இன்னும் அதிகமாகக் கடிப்பதுண்டு. சில பற்களை மட்டும் மூடும் தகட்டை நீண்ட நாள் போட்டால், மூடப்படாத பற்கள் மெல்ல இடம் மாறக்கூடும். உங்கள் வயதில் தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கடைசிக் கடைவாய்ப்பற்களும் முளைத்திருக்காது. ஆகவே தகடு இப்போதே தேவையா, சற்றுப் பொறுக்கலாமா என்பதைப் பல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சிறு பிள்ளைகள் பலருக்கு இந்தப் பழக்கம் வளர வளரத் தானாகவே போய்விடும். பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால், அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம்.

பள்ளிக்குப் பல் மருத்துவக் குழு வரும்போது கேட்கலாம், அல்லது பெற்றோருடன் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போகலாம். தகடு கிடைத்துவிட்டால், தினமும் காலையில் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட வேண்டாம். வளைந்த தகடு பல்லில் பொருந்தாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதை டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு பலமாகக் கடிக்கிறீர்கள் என்பதை அதிலுள்ள கீறல்களை வைத்தே மருத்துவர் சொல்லிவிடுவார்.