கணுக்கால் வீங்கினால்

முதலாம் தவணை வந்துவிட்டால் எமது மைதானத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியும் வலைப்பந்தாட்டப் பயிற்சியும் சூடுபிடிக்கும். வகுப்புக்கு ஒருத்தியாவது நொண்டிக்கொண்டு வருவதும் அந்த நாட்களில்தான். பெரும்பாலும் கணுக்கால். வலைப்பந்தாட்டத்தில் பந்தைப் பிடித்தவர் ஓட முடியாது. பாய்ந்து இறங்கிய இடத்திலேயே சட்டென்று நிற்க வேண்டும். அந்த நேரம் பாதம் உட்பக்கமாக மடிந்தால், வெளிப்பக்க மொளிக்கு முன்னாலும் கீழேயும் எலும்புகளை இணைத்து வைத்திருக்கும் நார்ப்பட்டைகள் இழுபடும், சிலவேளை கிழியும். இதைத்தான் நாம் சுளுக்கு என்கிறோம்.

சற்று நேரத்தில் கால் வீங்கிவிடும். வீட்டில் எல்லோரையும் பயமுறுத்துவது இந்த வீக்கம்தான். உயர்தர உயிரியலில் அழற்சி பற்றிப் படித்த பிறகு எனக்கு அதன் மீது ஒரு மரியாதையே வந்துவிட்டது. காயப்பட்ட இடத்தில் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை வெளிவிடுகின்றன. அங்குள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் வழியே திரவம் வெளியே கசிகிறது. கூடவே வெண்குருதிக் கலங்களும் வந்து, சிதைந்த இழையத்தை அகற்றித் திருத்த வேலையைத் தொடங்குகின்றன. தோல் சூடாகிச் சிவப்பதும் அதனால்தான். உடல் தன் வேலையைச் செய்கிறது. அளவு மீறினால்தான் வலியும் விறைப்பும் கூடுகின்றன. ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்கள் வீக்கத்தை ஓர் அளவுக்குள் வைத்திருப்பதே வீட்டில் உள்ளவர்களின் பணி.

எங்கள் வீடுகளில் நடப்பதோ வேறு. "மகள், காலக் காட்டுங்க, ஒருக்கா உருவி விட்டா சரியாகிடும்" என்று உம்மம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிடுவார். இல்லாவிட்டால் சுடுநீர் ஒத்தணம். இரண்டும் அன்பினால் செய்பவை. இரண்டுக்கும் அது நேரமில்லை. சூடு குருதிக் குழாய்களை இன்னும் விரிக்கிறது. உருவும்போது கிழிந்த நாருக்கு மேலும் காயம் ஏற்படலாம். உம்மம்மாவின் ஒத்தணத்தை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. நான்காம் ஐந்தாம் நாள், வீக்கம் வடியத் தொடங்கிக் கால் விறைத்திருக்கும்போது அதே சூடு இதமாக இருக்கும்.

கேப் மேர்கின் என்ற அமெரிக்க வைத்தியர் 1978 இல் எழுதிய நூலில் 'ரைஸ்' என்றொரு முறையைச் சொன்னார். சோறு அல்ல! ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. உலகம் முழுவதும் பரவிய இந்த முறையைப் பல வருடங்களின் பின் அவரே திருத்தினார். அதிக நேரம் ஐஸ் வைப்பதும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார். தான் சொன்னதைத் தானே திருத்திய அந்த வைத்தியரை எனக்குப் பிடித்திருக்கிறது.

எனவே ஐஸ் வலியைக் குறைப்பதற்கு மட்டும். தெருமுனைக் கடையில் விற்கும் ஐஸ் பக்கற் ஒன்றைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் வைத்தால் போதும். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் கருகியது போலாகிவிடும். உயர்த்தி வைப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது போதாது. படுத்துக்கொண்டு, இரண்டு தலையணை வைத்து, பாதம் நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் தேங்கிய திரவம் வடியும். கால் விரல்களை மெதுவாக அசைத்துக்கொண்டே இருப்பதும் உதவும். நிணநீருக்கு இதயம் போன்ற ஒரு பம்பி கிடையாது, தசைகள் அசைந்தால்தான் அது நன்றாக ஓடும்.

பாமசியில் வாங்கும் இழுபடும் பன்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல்கள் குளிர்ந்தாலோ நீலமானாலோ மரத்தாலோ கட்டு இறுக்கம் என்று அர்த்தம். வுழூ செய்ய எப்படியும் அதைக் கழற்றுவோம். அதையே காலைப் பார்க்கும் நேரமாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை பார்த்ததாகிவிடும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கும்போது, வீங்கிய காலை மடக்கி வேதனைப்பட வேண்டியதில்லை.

வலிக்கு பரசிற்றமோல் போதும். டைக்குளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றை வைத்தியரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். அதிலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் தொடவே கூடாது. டெங்கு உள்ள நாட்டில் அவை குருதிக் கசிவை ஏற்படுத்தக்கூடிய மருந்துகள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலும் விரல்களும் ஊதா நிறமானால் பதற வேண்டாம். உள்ளே கசிந்த குருதி புவியீர்ப்பால் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான்.

எங்கள் அணியில் ஒரு தங்கை வீங்கிய காலோடு மூன்று நாட்கள் பயிற்சிக்கு வந்தாள். வீட்டுக்குத் தெரிந்தால் வாப்பா அணியிலிருந்து நிறுத்திவிடுவார் என்ற பயம். சீருடையின் நீளக் காற்சட்டைக்குள் காலை மறைப்பது கஷ்டமே இல்லை. நான்காம் நாள் எக்ஸ்றே எடுத்தபோது எலும்பில் வெடிப்பு. ஆறு வாரம் பிளாஸ்டர். பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன்: விழுந்ததைச் சொன்ன பிள்ளையை ஏசாதீர்கள், விளையாட்டையும் உடனே நிறுத்தாதீர்கள். அந்தப் பயம்தான் காலை மறைக்க வைக்கிறது. ஆண் வைத்தியரிடம் காலைக் காட்டக் கூச்சம் என்றால் உம்மா கூடவே நிற்கலாம்.

எப்போது வைத்தியசாலைக்குப் போவது? கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992 இல் வெளியிட்ட ஒரு விதி இன்றும் பயன்படுகிறது. விழுந்த உடனேயும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது இரு மொளிகளில் ஒன்றின் நுனியிலோ பின்விளிம்பிலோ எலும்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்றே தேவை. கால் கோணியிருந்தாலும் பாதம் மரத்திருந்தாலும் தாமதிக்கக் கூடாது. சின்னத் தம்பி தங்கைகளாக இருந்தால் இந்த விதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். வளரும் எலும்பின் முனையில் மென்மையான பகுதி உண்டு. அதில் அடிபட்டாலும் வெளியே சுளுக்குப் போலவே தெரியும்.

வீக்கம் வடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுவது கடைசி வேலையை. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் சுளுக்க இலகு, ஏனெனில் சமநிலையை உணரும் நரம்புகளும் அந்த நார்களோடு காயப்படுகின்றன. பல் துலக்கும்போது அந்தக் காலில் மட்டும் 30 வினாடிகள் நின்று பழகுங்கள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு பிடிக்காமல், கடைசியில் கண்ணை மூடி. தம்பிமார் சிரிப்பார்கள், பரவாயில்லை. ஒற்றைக் காலில் வலியின்றித் துள்ள முடிந்த பிறகு மைதானத்துக்கு வரலாம்.