கட்டி இல்லாமலும் வரும் மார்பகப் புற்றுநோய்

மார்பகப் புற்றுநோய் என்றதும் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் வழக்கம் இன்று பல வீடுகளில் வந்துவிட்டது. நல்ல வழக்கம். ஆனால் கைக்கு எந்தக் கட்டியும் தட்டுப்படாமல், தோலின் மாற்றமாகவே வெளிப்படும் ஒரு வகையும் உண்டு. அதனை அழற்சி மார்பகப் புற்றுநோய் என்கிறோம். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 5 வரையே இவ்வகையைச் சேர்ந்தவை; எனினும் வேகமாகப் பரவக்கூடியது.

பெயரில் அழற்சி இருந்தாலும் இது கிருமியால் வருவதன்று. தோலில் நிணநீரைக் கொண்டு செல்லும் நுண்குழாய்களைப் புற்றணுக்கள் அடைத்துவிடுகின்றன. வடிகால் அடைத்தால் தெருவில் என்ன ஆகும் என்பதை வடசென்னைவாசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறே மார்பகத்திலும் நீர் தேங்கி வீக்கமும் கனமும் சூடும் உண்டாகின்றன. தோல் தடித்து, சாத்துக்குடித் தோலைப் போலக் குழிகுழியாகத் தோன்றும். காம்பு உள்ளிழுத்துக்கொள்ளலாம், அக்குளில் நெறி கட்டலாம். இவையெல்லாம் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ நிகழ்ந்துவிடும்.

மருத்துவ நூல்கள் ‘சிவத்தல்’ என்பதை முதன்மையான அறிகுறியாகக் கூறுகின்றன. வெளிறிய தோலுக்கு அது பொருந்தும். நம் தோலிலோ அது கருமையாகவோ நாவற்பழச் சாயலாகவோ தெரியலாம். சில வேளைகளில் நிறமாற்றம் புலப்படாமலே போகலாம். ஆகவே நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று இரண்டு மார்பகங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் பெருத்துள்ளதா? புறங்கையால் தொட்டால் ஒன்று மட்டும் சுடுகிறதா? உள்ளாடை ஒரு பக்கம் மட்டும் இறுகுகிறதா?

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலத்திற்குச் செல்லும் பெண்ணும், திருவொற்றியூரில் ஆலை வேலைக்குச் செல்லும் பெண்ணும் இதனை உடற்சூடு, சூட்டுக்கட்டி என்று எண்ணி நாளைக் கடத்துவது இயல்பே. பாலூட்டும் தாயாயின் பால் கட்டியிருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். பாலூட்டும் காலத்து வீக்கம் பெரும்பாலும் பால்கட்டாகவே இருக்கும், அஞ்ச வேண்டாம். ஆனால் தொற்றுக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்குச் சில நாள்களிலேயே வீக்கம் தணியத் தொடங்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் சென்றும் தணியவில்லையெனில், அதே மாத்திரையை மருந்துக்கடையில் மறுபடி வாங்காதீர்கள். மருத்துவரிடம் திரும்பச் சென்று, “இது புற்றுநோயாக இருக்குமா, பரிசோதிக்க வேண்டுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பாலூட்டாத பெண்ணுக்கு, குறிப்பாக மாதவிலக்கு நின்றவருக்கு, இத்தகைய வீக்கம் வந்தால் தொடக்கத்திலேயே கேளுங்கள்.

மேமோகிராம் படத்தில் கட்டி தெரியாமல் போகலாம். தோல் தடிப்பு மட்டுமே தெரியலாம். மார்பகத்திலிருந்தும் தோலிலிருந்தும் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையே நோயை உறுதிசெய்யும்.

“உடனே அறுவை செய்யாமல் ஏன் காத்திருக்கிறீர்கள்?” என்று குடும்பத்தார் கலங்குவதுண்டு. இந்நோயில் முதலில் தருவது கீமோதெரபி, அதன்பின் மார்பகத்தையும் அக்குள் நெறிகளையும் அகற்றும் அறுவை, பின்னர்க் கதிர்வீச்சு. ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால் அதற்குரிய மருந்தும் சேரும். கண்டறியும்போதே இந்நோய் மூன்றாம் நிலையையேனும் எட்டியிருக்கும். ஆயினும் பிற உறுப்புகளுக்குப் பரவாதிருப்பின் குணப்படுத்தும் நோக்குடனேயே இச்சிகிச்சை தரப்படுகிறது.

இராயபுரத்தை அடுத்துள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையை நம் பகுதியினர் அணுகலாம். 1954 முதல் அடையாறு புற்றுநோய் மையமும் இயங்கிவருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் உடன் எடுத்துச் செல்லுங்கள். வீக்கம் தொடங்கிய நாள், அதுவரை உண்ட மாத்திரைகளின் அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றையும் மறவாதீர்கள்.