ஒரே பேர், இரண்டு நோய், இரண்டு அளவு
எவரோலிமஸ் மாத்திரை பற்றித் தெரிந்துகொள்வோம்



போன மாதம் நமது கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, சந்தா, கடன் தவணை எல்லாம் வசூலாகி நோட்டும் எழுதியாயிற்று. எல்லோரும் எழுந்திருக்கும் நேரம். ஒரு அக்கா தன் பையிலிருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம் நீட்டினார்.

"இந்தா தங்கச்சி, உன் வீட்டுக்காரரு சாப்பிடற அதே மாத்திரைதான். எனக்கு டாக்டர் வேற மருந்து மாத்திட்டாரு. இது வீணாத்தானே போகுது, நீ கொண்டு போ."

அந்த அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டு வருஷமாக சிகிச்சையில் இருக்கிறார். தங்கச்சியின் கணவருக்குக் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்திருக்கிறது. கிட்னி கொடுத்தவரே அந்தத் தங்கச்சிதான். மாத்திரை வாங்கப் பணம் புரட்ட முடியவில்லை என்று முந்தைய கூட்டத்தில் அவர் கண்ணீர் விட்டதை மனதில் வைத்துத்தான் அக்கா அந்த அட்டையைக் கொண்டுவந்திருந்தார். நல்ல மனசுதான். ஆனால் அட்டையை வாங்கிப் பார்த்த நமக்குத் திக்கென்றது.

இரண்டு பேரின் சீட்டிலும் மருந்தின் பேர் எவரோலிமஸ் என்றுதான் இருந்தது. அக்காவின் மாத்திரை 10 மில்லிகிராம். தங்கச்சியின் கணவர் சாப்பிட வேண்டியது காலையில் 0.75 மில்லிகிராம், இரவில் 0.75 மில்லிகிராம், அதாவது வேளைக்கு முக்கால் மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்காவின் ஒரு மாத்திரையில் அவருடைய ஆறு நாளைக்கும் மேலான மருந்து இருக்கிறது. அதை அவர் ஒரே நேரத்தில் விழுங்கியிருப்பார்!

அதனால்தான் இந்த மாதம் இந்த மாத்திரையைப் பற்றி எழுதுகிறோம்.

இந்த மருந்து எங்கிருந்து வந்தது?

பசிபிக் பெருங்கடலில், சிலி நாட்டுக்குச் சொந்தமான ஈஸ்டர் தீவு என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அங்குள்ள மக்கள் தங்கள் தீவை ராபா நூயி என்பார்கள். 1964-இல் கனடாவிலிருந்து ஒரு மருத்துவக் குழு அங்கே போனது. தீவின் பல இடங்களில் மண் எடுத்து வந்தார்கள். அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த மருந்துக்குத் தீவின் பேரையே வைத்து ராபாமைசின் என்றார்கள். இதன் இன்னொரு பேர் சிரோலிமஸ்.

இதைப் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் சுரேன் சேகல். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியல் நகரில் வேலை பார்த்த விஞ்ஞானி. காளான் நோயைக் கொல்லும் மருந்து என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1980களில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தை மூடியபோது, அந்த நுண்ணுயிரி அழிந்துவிடக்கூடாது என்று சேகல் அதைத் தன் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். 1999-இல் கிட்னி மாற்று செய்தவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த சிரோலிமஸைச் சிறிது மாற்றிச் செய்ததுதான் எவரோலிமஸ். அமெரிக்காவில் 2009-இல் கிட்னிப் புற்றுநோய்க்கும், 2010-இல் கிட்னி மாற்றுக்கும், 2012-இல் ஒரு வகை மார்பகப் புற்றுநோய்க்கும், 2013-இல் கல்லீரல் மாற்றுக்கும் அனுமதி கொடுத்தார்கள்.

ஒரே மருந்து இரண்டு நோய்க்கு எப்படி?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் "வளரு, இரண்டாகப் பெருகு" என்று உத்தரவு கொடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதன் பேர் எம்-டார். வயலுக்குத் தண்ணீர் விடும் மோட்டார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடினால் நெல்லும் வளரும், களையும் வளரும். எவரோலிமஸ் இந்த மோட்டாரின் வேகத்தைக் குறைக்கிறது.

* புற்றுநோயில் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. மோட்டாரின் வேகம் குறைந்தால் அந்தப் பெருக்கமும் குறையும்.
* வேறொருவரின் கிட்னியை வைத்ததும், "இது நம்முடையது இல்லை" என்று உடம்பின் எதிர்ப்பு செல்கள் பெருகித் தாக்க வரும். மோட்டாரின் வேகம் குறைந்தால் அவை பெருகுவது குறையும். புதுக் கிட்னி பிழைக்கும்.

புற்றுநோய்க்கு நிறைய அடக்க வேண்டும். அதனால் பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு ஒரு தடவை 10 மில்லிகிராம். மாற்று செய்தவருக்கு எதிர்ப்பு சக்தி முழுவதும் போய்விடக்கூடாது, கிட்னியைத் தாக்காத அளவுக்கு அடங்கினால் போதும். அதனால் மிகச் சின்ன அளவு, நாளுக்கு இரண்டு தடவை, வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதித்து டாக்டர் அளவைக் கூட்டுவார், குறைப்பார்.

இந்த மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியே மாற்று செய்தவர்களுக்கு சர்டிகேன் என்றும், புற்றுநோய்க்கு அஃபினிட்டர் என்றும் இரண்டு பேரில் விற்றது. வேறு கம்பெனிகள் வேறு பேர்களில் விற்கின்றன. ஆகவே அட்டையில் பேரை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணையும், புள்ளி எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 0.75 வேறு, 7.5 வேறு. 1 வேறு, 10 வேறு.

எல்லோருக்கும் இந்த மருந்து கொடுப்பதில்லை. கிட்னி மாற்று செய்தவர்களில் பலர் டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற வேறு மாத்திரைகள் சாப்பிடுகிறார்கள். மார்பகப் புற்றுநோயிலும், மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோனால் வளரும் வகை பரவியிருந்து, முதலில் கொடுத்த ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால், எக்ஸிமெஸ்டேன் என்ற மாத்திரையோடு சேர்த்து இதைக் கொடுப்பார்கள்.

கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து

அன்றைக்கு அந்தத் தங்கச்சியைத் தனியாக உட்கார வைத்துப் பேசினோம். அப்போதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதமாக அவர் கணவருக்கு இரவு மாத்திரை கொடுக்கவில்லையாம்.

"அவருக்கே தெரியாதுங்க. ராத்திரிக்கு சத்து மாத்திரையைக் கொடுத்திட்டேன். ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசம் வருமேன்னு பார்த்தேன். குழுவுல ஏற்கெனவே ரெண்டு தவணை பாக்கி. எந்த முகத்தோட மறுபடி கடன் கேக்கறது?"

தன் கிட்னியையே கொடுத்தவர் அவர். அந்தக் கிட்னிக்கான மருந்தைப் பாதியாக்க வேண்டிய நிலைமையும் அவருக்குத்தான் வந்தது. அவரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

மருந்து குறைந்தால் உடம்பு புதுக் கிட்னியைத் தாக்க ஆரம்பிக்கும். கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் வலி தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைப்போம். ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுவதை வைத்துத்தான் தெரியும். சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, திடீரென்று எடை கூடுவது, காய்ச்சல், கிட்னி வைத்த இடத்தில் வலி இதெல்லாம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மறுநாளே அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். கிரியாட்டினின் ஏறித்தான் இருந்தது. ஒரு வாரம் படுக்கையில் வைத்து சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பழைய அளவுக்கு வருமா என்று இன்னும் சில மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் தினமும் சாப்பாட்டோடு, வெறும் வயிற்றில் என்றால் தினமும் அப்படியே. மாற்றி மாற்றிச் செய்யக்கூடாது.

2. மாத்திரையை உடைக்காமல், பொடிக்காமல் தண்ணீரோடு முழுதாக விழுங்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகச் சாப்பிடக்கூடாது. டாக்டரைக் கேளுங்கள்.

3. மாற்று செய்தவர் மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும் நாளில், காலை மாத்திரையைச் சாப்பிடாமல் கையில் எடுத்துப் போக வேண்டும். ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடலாம். முன்பே சாப்பிட்டால் கணக்கு தப்பாக வரும்.

4. வாய்ப்புண் இந்த மருந்தில் அடிக்கடி வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். காரத்தைக் குறைத்து, டாக்டர் சொல்லும் மருந்தால் வாய் கொப்பளிக்க வேண்டும். நாமாகக் கடையில் எதையாவது வாங்கித் தடவ வேண்டாம்.

5. சுகர், கொழுப்பு ஏறலாம். ரத்தம் குறையலாம். புண் ஆறத் தாமதமாகும். பல் பிடுங்குவது, சின்ன ஆபரேஷன் என்றாலும் இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

6. காய்ச்சல், விடாத இருமல், மூச்சு வாங்குவது, முகமோ உதடோ வீங்குவது இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

7. வேறு மாத்திரைகள் இதன் அளவை மாற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இவை இதன் சக்தியைக் குறைக்கும். காளான் தொற்றுக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இவை அளவை ஏற்றிவிடும். அதற்காக காசநோய் மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்திவிடக்கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

8. பம்ப்ளிமாஸ் பழமும், அந்த இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழமும் வேண்டாம். கிரேப்ஃப்ரூட் என்பது திராட்சை இல்லை, பெரிய ஆரஞ்சு மாதிரி இருக்கும்.

9. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் இந்த மாத்திரை சாப்பிடும்போது கர்ப்பமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் 8 வாரம் கவனம் வேண்டும். வெட்கப்படாமல் டாக்டரிடம் பேசுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களும் அவசியம் சொல்ல வேண்டும்.

10. தடுப்பூசி எதுவானாலும் டாக்டரைக் கேட்டபிறகே போட வேண்டும். சில தடுப்பூசிகள் இவர்களுக்கு ஆகாது.

கிட்னி கொடுத்த பெண்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடாமல் வருஷத்துக்கு ஒரு தடவை பி.பி., சிறுநீர், கிரியாட்டினின் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் இல்லாவிட்டால் என்ன செய்வது?

மாத்திரையைக் குறைப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முதலில் டாக்டரிடம். இதைவிட விலை குறைந்த கம்பெனி மாத்திரையோ, வேறு மருந்தோ கொடுக்க முடியுமா என்று அவரால் பார்க்க முடியும். கடைக்காரர் சொன்னார் என்று நாமாகக் கம்பெனியை மாற்றக்கூடாது. அடுத்து, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்ட கவுண்டரில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கிட்னிப் பிரிவில் மாத்திரை கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

அந்தக் குழு என்ன செய்தது தெரியுமா? அடுத்த வாரமே அவசரக் கூட்டம் போட்டார்கள். மருந்து வாங்க உள்கடன் கொடுப்பது, பாக்கித் தவணைக்கு மூன்று மாதம் அவகாசம் கொடுப்பது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மாத்திரை தீர 15 நாள் இருக்கும்போதே ஞாபகப்படுத்தும் பொறுப்பை ஊக்குநர் எடுத்துக்கொண்டார். அந்த அக்கா மிச்ச அட்டையை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் தங்கச்சிக்குத் துணையாகவும் போய்வருகிறார். உதவி என்றால் அதுதான் உதவி.

ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது, பேர் ஒன்றாக இருந்தாலும், உதவி ஆகாது.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

* எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.
* தினசரி நிறுத்தாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுகர், பி.பி., வலிப்பு, காசநோய் எல்லாம் இதில் சேரும். சொல்ல விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.
* பணத்துக்காக யாராவது மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களா என்று தனியாக, மரியாதையாகக் கேளுங்கள்.

தவணை பாக்கி இருந்தால் குழுவில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மருந்து பாக்கியை உடம்பு பொறுத்துக்கொள்ளாது. ஆகவே சகோதரிகளே, சொல்லக் கூச்சப்படாதீர்கள். சொல்பவரை நாமும் கூச்சப்பட வைக்காமல் இருப்போம்.